மாரித்தாய் பெற்ற மீன்கள்

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் இருப்பதுபோல, ஒரு சிங்கராஜா இருந்தார். மற்றக் காட்டு ராஜாக்களுக்கு இல்லாத ஒரு நோவு அவருக்கு இருந்தது. எதைப் பார்த்தாலும் "எத்தனை?" என்று கேட்பார்.

அந்தக் காடு அப்போது வெறும் காடு இல்லை, கம்பெனி ஆகியிருந்தது. தேன் பிரிவு, மீன் பிரிவு, மரப் பிரிவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேனேஜரைப் போட்டிருந்தார் ராஜா. கணக்கை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். தேன் பிரிவுக் கரடி கணக்கைப் பாதத்தில் வைத்திருந்தது. ஒரு கூட்டை எடுத்தால் பாதத்தில் ஒரு தேன் பொட்டு. சாயங்காலம் ராஜா கேட்கும்போது பாதம் சுத்தமாக இருக்கும், நக்கியிருக்கும். மரப் பிரிவு யானை எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்திருந்தது. ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டால் அந்த மரத்தின் தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கும், ராஜா தூங்கிவிடுவார். மீன் பிரிவுக்கு வெள்ளைச்சாமி என்ற கொக்கு மேனேஜர். அவர் கணக்கை வயிற்றில் வைத்திருந்தார்.

ஒரு சமயம் பக்கத்துக் காட்டுப் புலிராஜா ஒரு கூட்டம் போட்டு, "உங்க கம்பெனியில சரக்கு எவ்வளவு இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டது. நம் ராஜா யோசித்து யோசித்து, "நிறைய" என்றார். புலிராஜா சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருந்த சிறுத்தையைப் பார்த்து மீசையை மட்டும் அசைத்தது. அது ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வந்த கையோடு டவுன் பக்கத்திலிருந்து ஒரு நரியாரை வரவழைத்தார். நரியார் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பேசும்போதெல்லாம் அட்டையைத் தடவிக்கொள்வார்.

"ராஜா, உங்க காட்டுல கணக்கு இல்லாம இல்லை. கணக்கு அங்கங்க கிடக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒட்டலை. எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வரணும். எங்க வேலை மூணே மூணுதான். எடு, மாத்து, கொட்டு."

"எதை எடுத்து எங்க கொட்டுறது?"

நரியார் காடு நெடுக ஒரு மூங்கில் குழாய் போட்டார். குட்டை, புதர், மரத்தடி என்று எல்லா மூலையிலும் அதற்கு ஒரு வாய். அத்தனை கணக்கும் அந்த வாய்கள் வழியாக உள்ளே போகும். நடுவில் ஒரு சல்லடை. கடைசியில் ராஜாவின் குகையில் ஒரு பெரிய அண்டா. அண்டாவை எட்டிப் பார்த்தால் காட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கணக்கு எடுக்க ஆள் வேண்டுமே? கொண்டையன் என்ற மரங்கொத்தியைப் போட்டார்கள். அவன் இடம் இடமாகப் போய், கண்ணில் பட்டதை ஒரு இலையில் ஓட்டை போட்டுக் குழாயில் விடுவான். இலையில் கட்டங்கள் உண்டு. கால் எத்தனை, வால் உண்டா, இருப்பது தண்ணீரிலா தரையிலா, அசையுமா அசையாதா. அவ்வளவுதான். பெயர் எழுதக் கட்டம் இல்லை. பெயரைச் சல்லடை வைத்துக்கொள்ளும்.

"அது எப்படிப் பேரு வைக்கும்?" என்று கரடி கேட்டது.

"விதி போட்டிருக்கேன்ல. தண்ணியில இருக்கு, வால் இருக்கு, கால் இல்லை, அப்போ மீன். தரையில இருக்கு, கால் இல்லை, நீளமா இருக்கு, அப்போ கொடி. எங்க இருந்தாலும் சரி, கால் ஒண்ணு, அசையாதுன்னா மரம்."

"தண்ணியில நிக்கிற மரமும் இருக்கே."

"அதுக்குத்தானே எங்க இருந்தாலும்னு சொன்னேன்? எல்லாத்தையும் யோசிச்சுட்டேன்."

"எதுலயும் சேராதது வந்தா?"

"சல்லடையை ரெண்டு தட்டு தட்டினா எதுலயாவது சேர்ந்துடும்" என்றார் நரியார், அட்டையைத் தடவிக்கொண்டே.

குழாய் ஓட ஆரம்பித்தது. ராஜா அண்டா பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் கணக்கு விழும் சத்தம் கேட்டால் போதும், இந்தப் பக்கம் அவருக்கு வால் ஆடும். காட்டில் மீன் இவ்வளவு இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

மீன் ஏன் அவ்வளவு இருந்தது என்பதுதான் கதை.

காட்டின் ஓரத்தில் ஒரு மழைக்குட்டை. அதில் மாரித்தாய் என்ற தவளை குடியிருந்தாள். அந்த வருஷத்து மழைக்குத்தான் முட்டையிட்டு, குட்டை நிறையத் தலைப்பிரட்டைகள். ஒன்று சேற்றைத் தின்னும், ஒன்று சேற்றைப் பூசிக்கொள்ளும், ஒன்று தம்பியின் வாலைக் கடித்துவிட்டு "நான் இல்லை" என்று சொல்லும். மாரித்தாய்க்கு உட்கார நேரமில்லை. அந்தக் குட்டையில் யாரும் அலகு வைப்பதில்லை என்று காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. குஞ்சு வளர்கிற குட்டை, அதனால் விட்டுவிடுவார்கள். கொக்குகூட விட்டுவிடும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதை எழுதிவைக்கவில்லை. எழுதாத விஷயம் குழாயில் எப்படிப் போகும்?

ஒரு நாள் வெள்ளைச்சாமி குட்டைக் கரையில் வந்து நின்றார். அலகில் ஒரு இலைச்சீட்டு.

"தங்கச்சி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே. என்ன இந்தப் பக்கம்? இது குஞ்சுக் குட்டையாச்சே."

"அண்டாவுல மீன் குட்டைன்னு வந்திருக்கு தங்கச்சி." சீட்டைக் கீழே வைத்துக் காலால் தடவிக் காட்டினார். "மேனேஜருக்குக் காலைச் சாப்பாடு சரக்குலேருந்துன்னு கம்பெனியில சட்டம் இருக்கு. நாளையிலேருந்து எனக்கு இந்தக் குட்டையை ஒதுக்கியிருக்காங்க."

"மீனா? நான் பெத்த புள்ளைங்க அண்ணே!"

"எனக்குத் தெரியாதா? நீயே இத்தனூண்டு வாலோட இந்தக் குட்டையில நீந்தினதைப் பார்த்தவன் நான். ஆனா எனக்குத் தெரிஞ்சது வேற, சிஸ்டத்துல இருக்கிறது வேற. கம்பெனி ஆளு நான், சிஸ்டத்தைத்தான் நம்பணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கணக்குக்கு மேல ஒண்ணுகூடத் தொட மாட்டேன். என் நேர்மை உனக்குத் தெரியும்ல?"

ஒரு தலைப்பிரட்டை மேலே வந்து, "அம்மா, இந்த மாமா யாரு?" என்று கேட்டது.

"உள்ள போடா" என்றாள் மாரித்தாய்.

வெள்ளைச்சாமி அந்தப் பிள்ளையைத் தலையிலிருந்து வால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, "நல்லா வளர்த்திருக்கே" என்று சொல்லிப் போனார்.

மாரித்தாய் அழவில்லை. அழுதால் பிள்ளைகள் என்ன ஏது என்று கேட்கும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்படியே எழுந்து நரியாரிடம் போனாள். நரியார் ஆலமரத்தடியில் திருத்தப் பிரிவு என்று ஒன்று திறந்திருந்தார். வரிசை நீளமாக இருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு சாரைப்பாம்பு.

"நீங்களும் திருத்தவா வந்தீங்க?" என்று மாரித்தாய் கேட்டாள்.

"ஐயோ, இல்லை தாயி. நான் கொடின்னு பதிவாகியிருக்கேன். தயவுசெஞ்சு திருத்திடாதீங்கன்னு சொல்ல வந்தேன். கொடியை யாரும் கல்லால அடிக்கிறதில்லை. இப்பதான் நிம்மதியாத் தூங்குறேன்."

பாம்பு உள்ளே போய் மகிழ்ச்சியாகத் திரும்பி வந்தது. மாரித்தாய் முறை வந்தது.

"சார், என் புள்ளைங்க மீன்னு விழுந்திருக்கு. தவளைன்னு மாத்தணும்."

"கால் இருக்கா?"

"இனிமேதான் முளைக்கும்."

"வால்?"

"இப்போ இருக்கு, போயிடும்."

நரியார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இருக்கிறது போயிடும், இல்லாதது வந்துடும்னு சொன்னா சல்லடை என்னம்மா பண்ணும்? காலோட கூட்டிட்டு வாங்க, அன்னிக்கே மாத்தித் தர்றேன்."

"அதுக்குள்ள கொக்கு தின்னுடும் சார். நாளைக்கு வருது."

"தின்னா அது வேற பிரிவு."

"நான் தவளை சார். என்னைப் பாருங்க. தவளை வயித்துல மீன் பொறக்குமா?"

"பொறக்காது. அதனாலதான் உங்களை அம்மான்னு சேர்க்க முடியலை. தவளைக்குக் கீழே மீனைப் போட்டாச் சல்லடை துப்பிடுது. நானும் தட்டித்தான் பார்த்தேன்." கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒரு வழி இருக்கு. மீன் பிரிவு மேனேஜர் கையெழுத்துப் போட்டா மீன் பட்டியல்லேருந்து எடுத்துடலாம்."

"மீன் பிரிவு மேனேஜர் யாரு?"

"வெள்ளைச்சாமி சார்தான். நல்ல மனுஷர், கேட்டுப் பாருங்க."

மாரித்தாய் குதிக்காமல் நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். வழியில் ஒரு கிளையில் கொண்டையன் அடுத்த நாளுக்கான இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, மறுபடியும் எண்ணப்போறியா?"

"தினமும் எண்ணணும்க்கா, புதுப்பிப்பு. காலையில முதல்ல உங்க குட்டைதான். இப்போ எல்லாம் உடனுக்குடன். நரியார் நேத்துதான் குழாயை நேராக்கினார். இலையை இங்க போட்டா மூச்சு விடுறதுக்குள்ள அங்க விழுந்துடும்."

"என் புள்ளைங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கால் போட்டுவிடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

கொண்டையனுக்கு முகம் சுருங்கியது. "பொய் ஓட்டை போட மாட்டேன்க்கா. வேலைன்னா வேலை. கண்ணால பார்த்ததை மட்டும்தான் போடுவேன்."

"பார்த்ததை மட்டும்தானா?"

"பார்த்ததை மட்டும்தான்."

"பார்த்ததுக்கு மேல உனக்கு என்ன தெரிஞ்சாலும் போட மாட்டியா?"

"தெரிஞ்சதைப் போடக் கட்டம் இல்லைக்கா."

மாரித்தாய் அவன் அடுக்கிய இலையில் இருந்த கட்டங்களை அண்ணாந்து ஒரு முறை எண்ணினாள். பிறகு, "நல்ல பையன்டா நீ. காலையில சீக்கிரம் வந்துடு" என்று சொல்லிவிட்டுக் குதித்துக் குதித்து வீட்டுக்குப் போனாள்.

விடிந்ததும் வெள்ளைச்சாமி வந்துவிட்டார். குட்டைக்குள் இறங்கி, சிறகைக் கோதி, ஒரு காலை மேலே தூக்கி வயிற்றில் செருகிக்கொண்டார். கொக்கு சாப்பிட உட்காரும் விதம் அதுதான். தலைப்பிரட்டைகள் எல்லாம் அம்மா சொன்னபடி சேற்றுக்குள் இருந்தன.

"அண்ணே" என்றாள் மாரித்தாய், அவர் காலடியில் வந்து. "முதல் நாளு. சின்னதைத் தின்னு வாயை ஏமாத்திக்காதீங்க. என் மூத்தவன் நல்லாக் கொழுகொழுன்னு இருப்பான்."

வெள்ளைச்சாமி ஒரு கண்ணால் பார்த்தார். "என்ன தங்கச்சி திடீர்னு இத்தனை அனுசரணை?"

"சிஸ்டத்தை எதிர்த்து நான் என்ன பண்ண முடியும்? பெருசு ஒண்ணு உள்ள போனா உங்களுக்கு வயிறு நிறையும், சின்னதுங்க இன்னும் ஒரு நாள் இருக்கும். பெத்தவ கணக்கு அண்ணே, வேறென்ன?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது.

"ஆனா அவன் பயந்தாங்கொள்ளி. சிறகு அசைஞ்சாச் சேத்துக்குள்ள போயிடுவான். சத்தம் கேட்டா அன்னிக்கு முழுக்க வர மாட்டான். நீங்க அலகைத் திறக்காம, ஒரு இறகைக்கூட ஆட்டாம நின்னா, தானா உங்க காலடிக்கு வருவான். நடுவுல யாரு வந்து என்ன பண்ணினாலும் அசைஞ்சுடாதீங்க."

"எனக்கா சொல்லித் தர்றே? நிக்கிறதுல என்னை மிஞ்ச இந்தக் காட்டுல ஆளே கிடையாது."

நின்றார். உண்மையாகவே அழகாக நின்றார். தண்ணீரில் அவர் நிழல்கூட ஆடவில்லை. மூத்தவன் சேற்றிலிருந்து வாலை மட்டும் நீட்டி ஆட்டிக் காட்டினான். அம்மா அவனிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். வெள்ளைச்சாமிக்குத் தொண்டையில் எச்சில் ஊறியது, அதைக்கூட விழுங்கவில்லை.

கொண்டையன் இலையோடு வந்து இறங்கினான். "வால், வால், வால்..." என்று சேற்றுக்குள் நெளிந்த வாலை எல்லாம் பார்த்து ஓட்டை போட்டுக்கொண்டே வந்தவன் வெள்ளைச்சாமி முன்னால் நின்றான்.

"வெள்ளைச்சாமி அண்ணனா? வணக்கம்ணே."

வெள்ளைச்சாமியின் கண் மூத்தவனின் வாலை விட்டு நகரவில்லை.

"அண்ணே?"

மாரித்தாய் சாவகாசமாக, "யாரைக் கூப்பிடுறே தம்பி?" என்றாள்.

"இது வெள்ளைச்சாமி அண்ணன் மாதிரியே இருக்குக்கா."

"மாதிரின்னு போடக் கட்டம் இருக்கா?"

"இல்லை."

"கால் எத்தனை?"

கொண்டையன் சுற்றி வந்து குனிந்து பார்த்தான். "ஒண்ணு."

"அசையுதா?"

கொண்டையன் காத்திருந்தான். காற்று வந்து போனது. கோரைப்புல் அசைந்தது. வெள்ளைச்சாமி அசையவில்லை. மூத்தவனின் வால் இப்போது அவர் விரலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"அசையலைக்கா. ஆனா அசையாதுன்னு போடறதுக்கு முன்னாடி தட்டிப் பார்க்கணும்னு விதி இருக்கு."

"தாராளமாத் தட்டு."

கொண்டையன் அந்த ஒற்றைக் காலில் டொக் டொக் என்று தட்டினான். வேலையில் அவன் குறை வைப்பவன் இல்லை. வெள்ளைச்சாமியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கொழுத்த வால் ஒன்று கால் விரலை உரசுகிற நேரத்தில் யாராவது கத்துவார்களா? கத்தவில்லை.

"மரமேதான்" என்று சொல்லிக் கொண்டையன் ஓட்டை போட்டு, இலையைக் குழாயில் விட்டான்.

அந்தப் பக்கம் அண்டாவில் சத்தம் கேட்டு ராஜா துள்ளி எழுந்தார். அண்டாவில் மரம் ஒன்று கூடியிருந்தது. அந்தக் காட்டில் மரம் குறைந்துதான் பழக்கம், கூடியதே இல்லை. "யானை! ஓடு! புது மரம், பத்திரமாப் பார்த்துக்கோ!"

குட்டையில் வெள்ளைச்சாமி கடைசியாக அலகைத் திறந்து கழுத்தைக் குனிந்தார். அலகு தண்ணீரைத் தொடுவதற்குள் ஒரு தும்பிக்கை வந்து கழுத்தை நிமிர்த்திப் பிடித்தது.

"அடடா, மரம் சாயுதே. காத்து ஜாஸ்தி போலிருக்கு" என்றது யானை. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, நாரால் கழுத்தை அதோடு சேர்த்துக் கட்டியது.

"யோவ்! நான் கொக்குய்யா! உன்கூட மீட்டிங்ல உட்கார்ந்தவன்!"

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றது யானை வருத்தமாக. "ஞாபகத்தை எல்லாம் இப்போ எடுத்துக்கிறதில்லை சார். அண்டாவுல மரம்னு இருக்கு."

"நான் இப்பவே பறந்து போறேன் பாரு!"

"வேண்டாம். நின்ன இடத்தை விட்டுக் கிளம்பின மரம் விறகுக் கணக்குல போயிடும். எங்க பிரிவுச் சட்டம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வெள்ளைச்சாமி மடக்கியிருந்த காலை மெதுவாகக் கீழே வைத்தார். யானை இரண்டு காலையும் நாரால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, வேர் அழுகாமல் இருக்கச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்கி, முள்வேலி போட்டு, தும்பிக்கையில் தண்ணீர் எடுத்து, வேருக்கு என்று சொல்லி அவர் பாதத்தில் ஊற்றிவிட்டுப் போனது.

"தங்கச்சி" என்று கூப்பிட்டார் வெள்ளைச்சாமி. குரலில் இப்போது மேனேஜர் இல்லை. "நீயாவது வந்து சொல்லேன், நான் கொக்குன்னு. சின்ன வயசுலேருந்து பார்க்கிறேல்ல?"

"எனக்குத் தெரியாதா அண்ணே?" என்றாள் மாரித்தாய். "ஆனா எனக்குத் தெரிஞ்சது வேற, சிஸ்டத்துல இருக்கிறது வேற."

வெள்ளைச்சாமி திருத்தத்துக்கு மனு அனுப்பினார். சாரைப்பாம்பு கொடி கணக்கில் அவர் மேல் படர்ந்து ஓய்வெடுக்க வரும்போது அதனிடம் கொடுத்துவிட்டார். நரியார் மனுவைப் படித்துவிட்டு, கொக்கு என்று மாற்ற ஆட்சேபம் இல்லை, மீன் பிரிவு மேனேஜர் நேரில் வந்து, மனுவில் இருப்பது தாம்தான் என்று உறுதி செய்தால் போதும் என்று எழுதி அனுப்பினார். மரம் நேரில் வர முடியாது. வந்தால் விறகு.

அலகுக்கு எட்டின பூச்சி புழுவைத் தின்று பிழைத்தார். நார் விட்டவரைக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். குட்டைத் தண்ணீர் ஒரு இறகு நீளம் தள்ளியே இருந்தது. யானை கட்டுவதில் கெட்டி.

மழை விட்டது. மாரித்தாயின் பிள்ளைகளுக்குப் பின்கால் முளைத்தது, முன்கால் முளைத்தது, வால் குறைந்தது. எல்லாம் கரையேறின. அடுத்த புதுப்பிப்பில் அண்டாவைப் பார்த்த ராஜா கர்ஜித்தார்.

"குட்டையில இருந்த மீன் எல்லாம் எங்க? யாரு தின்னது?"

"பக்கத்துல யாருமே இல்லை ராஜா" என்றார் நரியார். "ஒரு மரம்தான் இருக்கு."

"மரம் மீனைத் தின்னுமா?"

"தின்னாது. மீன் குறைஞ்ச அதே கணக்குக்குத் தவளை கூடியிருக்கு. மொத்தத்தைப் பாருங்க, டேலி."

ராஜா மொத்தத்தைப் பார்த்தார். டேலி ஆகியிருந்தது. அவருக்கு மீசை அடங்கியது. "தவளை எந்தப் பிரிவு?"

"எந்தப் பிரிவும் இல்லை."

"அப்போ எந்த மேனேஜருக்கும் சாப்பாடு இல்லையா?"

"ஒதுக்கீடு இல்லை ராஜா."

"சரி, விட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டு ராஜா அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினார். அங்கே தம் காட்டில் மரம் வளர்ந்திருக்கிறது என்று அறிவித்தார். புலிராஜாவே எழுந்து வந்து மாலை போட்டது.

திரும்பி வந்த ராஜாவுக்கு ஒரு குறைதான் இருந்தது. மீன் பிரிவு மேனேஜர் வெகு நாளாக வேலைக்கு வரவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. "வெள்ளைச்சாமி எங்கிருந்தாலும் உடனே ஆஜராக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும்" என்று ஒரு நோட்டீஸ் தயாரானது. எல்லாரும் பார்க்கிற இடமாக, குட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற மரத்தில் ஒட்டச் சொல்லிக் கொண்டையனிடம் கொடுத்தார்கள்.

கொண்டையன் நல்ல பசையாகத் தடவி வெள்ளைச்சாமியின் கழுத்தில் ஒட்டினான். கோணலாக இருந்ததால் எடுத்து நேராக ஒட்டினான். அந்த மரத்தடி நிழலில் மாரித்தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவனுக்குக் கால் நல்ல நீளம்.

"அக்கா, காலையில எண்ணிட்டேன். உங்க பக்கம் ஏதாவது திருத்தணுமா? இப்போ சொன்னா உடனே போயிடும்."

மாரித்தாய் பிள்ளைகளைப் பார்த்தாள். தலைக்கு மேலே பார்த்தாள். மரத்தின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவள் முதுகில் விழுந்தது.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. மரத்துக்கு மட்டும் ஒரு வாய் தண்ணி ஊத்திட்டுப் போ, பாவம்."

நீதி: உன்னைப் பற்றித் தப்பாகப் பதிவாகியிருந்தால், திருத்தச் சொல்லி வரிசையில் நிற்காதே. உன்னைத் தின்ன வருகிறவரும் தப்பாகப் பதிவாகும்வரை கொஞ்சம் ஒத்தாசை செய்.